பதிவேட்டில் ஏறாத பிள்ளைகள்

கிறிஸ்து பிறப்புப் பெருவிழா, இரவுத் திருப்பலி மறையுரை: கேரி தீவு, மலேசியா



இன்றிரவு நாம் கேட்ட நற்செய்தி ஓர் அரசாங்க உத்தரவோடு தொடங்குகிறது. அகுஸ்து சீசர் தம் பேரரசின் குடிகளை எல்லாம் கணக்கெடுக்கச் சொல்கிறார். அவரவர் தம் பூர்வீக ஊருக்குப் போய்ப் பெயரைப் பதிய வேண்டும். நாசரேத்தில் தச்சு வேலை பார்த்துக்கொண்டிருந்த யோசேப்பு, பேறுகாலம் நெருங்கிய மரியாவைக் கூட்டிக்கொண்டு பெத்லகேமுக்குப் புறப்படுகிறார். ஆண்டுக்கு ஆண்டு கேட்டுப் பழகிவிட்டதால், இந்த வரிகளை முன்னுரையாக எண்ணித் தள்ளிவிட்டு, வானதூதரையும் இடையரையும் தேடி மனம் ஓடிவிடுகிறது. கேரி தீவில் நின்றுகொண்டு இவற்றைத் தள்ளிவிட என்னால் முடியவில்லை. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்றைக் கவனியுங்கள். முதல் கிறிஸ்து பிறப்பு விழா யாருடைய வீட்டிலும் நடக்கவில்லை. மரியா தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகவில்லை. பத்தியச் சோறு ஆக்கிப்போட அங்கே அம்மா இல்லை, பிள்ளையை வாங்கிக் குளிப்பாட்ட அத்தை இல்லை. அது எப்படிப்பட்ட நிலை என்று இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிள்ளையைப் பார்க்க முதலில் வந்தவர்கள் இராக்காவல் வேலையில் இருந்த இடையர்கள். முன்பின் தெரியாத அந்தக் கூலித் தொழிலாளர்கள்தான் அன்று அந்தக் குடும்பத்துக்கு உறவாக நின்றார்கள். அதன்பின் குழந்தையை ஏரோது தேட, அந்தக் குடும்பம் இரவோடிரவாக எகிப்துக்குப் போனது. 1952இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், ஊர் விட்டு ஊர் போன குடும்பங்களைப் பற்றி எழுதிய ஆவணத்தை இந்தத் திருக்குடும்பத்தை முன்னிறுத்தியே தொடங்கினார். நாடு கடந்து வாழும் எல்லாக் குடும்பங்களுக்கும் முன்மாதிரி நாசரேத்துக் குடும்பமே என்பது திருச்சபையின் போதனை.

நான் முத்துக்குளித்துறையில் பிறந்தவன். டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு வீடு நட்சத்திரம் தொங்கும். பெண்கள் கூடி உட்கார்ந்து முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் சுடுவார்கள். நள்ளிரவில் கோயில் மணி அடிக்கும்போது, கடலுக்குப் போனவர்களும் கரைக்கு வந்திருப்பார்கள். அந்த நினைவு எனக்கு இன்னும் போகவில்லை, போக வேண்டும் என்றும் நான் கேட்டதில்லை. ஒவ்வோர் ஆண்டும் இந்த நாளில் உங்களில் பலர் அன்போடு என்னிடம் சொல்வதுண்டு: "பாவம் ஃபாதர், ஊரை விட்டு வந்து தனியா பண்டிகை கொண்டாடுறீங்க." வீட்டுக்குச் சாப்பிடவும் கூப்பிடுகிறீர்கள். அந்த அன்புக்கு நன்றி. ஆனாலும் இந்தத் தீவில் யார்தான் ஊரை விட்டு வராதவர்? உங்கள் தாத்தா பாட்டிமார் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, இன்று போர்ட் கிள்ளான் என்று நாம் சொல்லும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் இறங்கினார்கள். ரஜுலா கப்பலின் பெயர் இன்னும் சில வீடுகளில் வழங்குகிறது. தோட்டத்து லயத்து வீட்டில் அவர்கள் கொண்டாடிய முதல் கிறிஸ்துமஸுக்குத் தாய்மாமன் வரவில்லை, ஊர்க் கோயில் மணி கேட்கவில்லை. குரு வருவாரா என்பதே அன்று நிச்சயமில்லாதிருந்தது. அவர்கள் அன்று பட்டதற்கு முன்னால் என் தனிமை பெரிதல்ல.

மறைப்பணியாளரைப் பற்றிப் பேசும்போது நாம் எப்போதும் அவர் விட்டு வந்ததைக் கணக்குப் பார்க்கிறோம்: வீடு, தாய், மொழி, சாப்பாடு. ஆண்டவர் வேறு ஒன்றைத்தான் கேட்பார் என்று நான் நம்புகிறேன். யாரிடம் வந்தாய், அவர்களோடு எவ்வளவு தூரம் நின்றாய் என்றுதான் கேட்பார்.

எங்கள் கடற்கரையின் அப்போஸ்தலர் புனித சவேரியாரை எடுத்துக்கொள்ளுங்கள். 1541 ஏப்ரலில் லிஸ்பனில் கப்பலேறியவர் பிறகு ஐரோப்பாவைப் பார்க்கவே இல்லை. அந்த ஆண்டுக் கிறிஸ்து பிறப்பு விழா மொசாம்பிக்கில், நோயுற்ற மாலுமிகளுக்கு நடுவே கழிந்தது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் அவருக்குத் தெரியாது. இரண்டு மொழியும் அறிந்தவர்களை வைத்துச் செபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். மணிச்சத்தம் கேட்டு ஓடி வந்தவர்கள் பிள்ளைகள். தம்மை உண்ணவும் உறங்கவும் விடாமல் செபம் சொல்லிக்கொடுக்கச் சொல்லிப் பிள்ளைகள் சூழ்ந்துகொள்வதாக அவர் கடிதத்தில் எழுதியிருக்கிறார். நோயாளிகள் வீட்டுக்குத் தாம் போக முடியாதபோது அந்தப் பிள்ளைகளைத்தான் அனுப்பினார். 1544இல் வடுகர் படை எங்கள் மக்களைத் தாக்கியபோது, அவர்கள் குமரி முனைப் பாறைகளில் போய் ஒளிந்தார்கள். மணப்பாட்டிலிருந்து தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு கடல்வழியே அவர்களிடம் புறப்பட்டார் சவேரியார். எதிர்காற்று அவரை விடவில்லை. அவர் சொல்லிக்கொடுத்த செபத்தைப் போலவே அந்தத் தோணிகளையும் நாங்கள் மறக்கவில்லை.

அடுத்த ஆண்டு, 1545இல், அவர் மலாக்காவில் இருந்தார். இங்கிருந்து தெற்கே அதே நீரிணைக் கரையில் இருக்கும் மலாக்கா! செப்டம்பர் கடைசியில் வந்து சேர்ந்தார். 1546 ஜனவரி முதல் நாள் அம்போனுக்குக் கப்பலேறினார். ஆகவே, அந்த ஆண்டின் கிறிஸ்து பிறப்பு விழா அவருக்கு இந்த மண்ணில்தான். இங்கேயும் அதே மணி, அதே பிள்ளைகள் கூட்டம். செபங்கள் மட்டும் இம்முறை மலாயில். மறைந்த பிறகும் இங்கே வந்தார். 1552 டிசம்பர் 3ஆம் நாள் சீனக் கரையோரத் தீவு ஒன்றில் உயிர்விட்டவரின் உடலை, மறு ஆண்டு மலாக்காக் குன்றின் ஆலயத்தில் சில மாதம் அடக்கம் செய்திருந்தார்கள். கூரை போன அந்த ஆலயத்தின் சுவர்களை உங்களில் பலர் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள்.

நான் அவர் மேல் எவ்வளவு பக்தி வைத்திருந்தாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். சவேரியார் எங்கும் நெடுங்காலம் தங்கியவர் அல்லர். அவர் அழைப்பு அப்படி. தங்கியவர்கள் அந்தப் பிள்ளைகள். அவர் கப்பலேறிப் போன பிறகு, தகப்பனுக்கும் தாய்க்கும் செபம் சொல்லிக்கொடுத்து, அந்த நம்பிக்கையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் அவர்கள். நான் இன்று இங்கே நிற்பது அவர்களால்.

தங்கியவர் ஒருவரைப் பற்றியும் சொல்கிறேன். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர், சீர்திருத்த சபையார். இருந்தாலும் அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்த இரவில் மறைப்பணியைப் பேசுவது நியாயமாகாது. ஏமி கார்மைக்கேல் 1867 டிசம்பரில் அயர்லாந்தில் பிறந்தார். 1895இல் இந்தியா வந்து, பின் திருநெல்வேலிச் சீமைக்குப் போனார். 1901 மார்ச்சில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடிவந்து அவரிடம் சேர்ந்தாள். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட இருந்த பிள்ளை. அந்தக் காலத்தில் நம் சமூகத்தில் இருந்த கொடிய வழக்கம் அது. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முதலியோர் நெடுங்காலம் போராடிய பிறகே, 1947இல் சென்னை மாகாணத்தில் அதற்குச் சட்டத்தால் முடிவு வந்தது. அதுவரை ஏமி சும்மா இருக்கவில்லை. ஒரு பிள்ளைக்குப் பின் இன்னொரு பிள்ளை என்று வந்து சேர்ந்தவர்களுக்காக, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்து டோனாவூரில் ஒரு வீடு எழும்பியது. 1918 முதல் ஆண்பிள்ளைகளையும் ஏற்றார்கள். 1931இல் அவர் கீழே விழுந்து அடிபட்டார். அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பெரும்பாலும் அறையிலேயே இருந்தார். எழுந்து நடமாட முடியாதபோதும் பிள்ளைகளை விட்டுத் தாய்நாட்டுக்குப் போகவில்லை. இந்தியாவுக்கு வந்த பிறகு ஒரே ஒருமுறைகூட விடுப்பில் அயர்லாந்து போனதில்லை. 1951 ஜனவரி 18ஆம் நாள் டோனாவூரிலேயே இறந்தார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், பிள்ளைகள் அங்கே பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து, "அம்மை" என்று மட்டும் எழுதினார்கள்.

ஐம்பதுக்கும் மேற்பட்ட கிறிஸ்து பிறப்பு விழாக்களை அவர் அயலூரில் கழித்தார் என்று நாம் சொல்கிறோம். அந்தப் பிள்ளைகளைக் கேட்டிருந்தால், அம்மை வீட்டில்தானே இருந்தார் என்று சொல்லியிருப்பார்கள்.

நம் பக்கத்திலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. 1854 பிப்ரவரியில் மத்தில்ட் ரக்லோ அன்னையோடு சிங்கப்பூரில் இறங்கிய குழந்தை இயேசு சபைக் கன்னியர், வந்த கையோடு பள்ளியும் அனாதை இல்லமும் தொடங்கினார்கள். வளர்க்க வழியில்லாதவர்கள் பச்சைக் குழந்தைகளை அந்தக் கன்னியர் மடத்து வாசலில் இரவில் வைத்துவிட்டுப் போவார்கள். அதற்கு நம்பிக்கை வாசல் என்று பெயரே வந்தது. அந்தச் சபையார்தான் 1899இல் கோலாலம்பூர் புக்கிட் நானாஸ் கன்னியர் பள்ளியைத் தொடங்கினார்கள். பிரான்சில் பிறந்த மத்தில்ட் அன்னை, பிற்காலத்தில் ஜப்பானுக்குப் போய், தொண்ணூறு வயதைத் தாண்டி யோக்கோஹாமாவில் 1911இல் மரித்தார். வாசலில் கிடந்த பிள்ளை எந்தச் சாதி, எந்த மதம், எந்த இனம் என்று அந்தச் சகோதரிகள் கேட்டுக்கொண்டு நின்றிருந்தால் விடிவதற்குள் பிள்ளை செத்திருக்கும்.

இப்போது நம்மைப் பற்றிப் பேச வேண்டும். கொஞ்சம் கடுமையாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் வந்துவிட்டால் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கும் பிள்ளைகள் இல்லங்களுக்கு வேன் மேல் வேன் வருகிறது. கேக் வெட்டுகிறார்கள், பரிசுப்பை கொடுக்கிறார்கள், படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே நாளில் மூன்று குழுக்களுக்கு முன்னால் அதே பாட்டைப் பாடிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது குழு வரும்போது அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டும். கொடுப்பவர்களின் மனம் நல்ல மனம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பிப்ரவரியில், பள்ளிச் சட்டை கிழிந்து, காய்ச்சலில் கிடந்து, கணக்குப் பாடம் புரியாமல் விழிக்கும் நாளில் யார் வருகிறார்கள்? ஒரு பிள்ளையின் பசியையும் அனாதைத்தனத்தையும் நம் பண்டிகைக்கு அலங்காரமாக்குவது பாவம் என்று நான் நினைக்கிறேன். தீவனத் தொட்டியில் கிடந்த குழந்தையைப் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்காக ஆண்டவர் இடையர்களை அழைக்கவில்லை. அவர்கள் பார்த்தார்கள், அந்தக் குழந்தையைப் பற்றித் தங்களுக்குச் சொல்லப்பட்டதை ஊருக்கெல்லாம் சொன்னார்கள். லூக்கா அதையும் எழுதியிருக்கிறார்.

தொடக்கத்தில் பிறகு சொல்கிறேன் என்றேனே, அந்தக் கணக்கெடுப்புக்கு இப்போது வருகிறேன். யோசேப்பு எத்தனை சிரமப்பட்டும் பெயரைப் பதியப் போனார். நம் தோட்டங்களிலும், தோட்டம் விட்டுப் பந்திங், கிள்ளான் பக்கம் குடிபோன நம் குடும்பங்களிலும், பெயர் பதியப்படாத பிள்ளைகள் இருக்கிறார்கள். சுராட் பெரானாக் என்ற பிறப்புப் பத்திரம் இல்லை, மைகிட் என்ற குழந்தை அடையாள அட்டை இல்லை, பன்னிரண்டு வயதானாலும் ஐசி என்ற அடையாள அட்டை இல்லை. 2011இல் மைடஃப்தார் என்ற இயக்கத்தை அரசாங்கமே நடத்த வேண்டிவந்தது, இந்தியச் சமூகத்தில் பத்திரம் இல்லாமல் இருப்பவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க. அதன்பிறகும் இந்தத் துன்பம் தீரவில்லை.

இது எப்படி வருகிறது? பிள்ளை பிறந்த 60 நாளுக்குள் பதிவிலாகாவுக்குப் போக வேண்டும். தகப்பன் விட்டுப் போயிருப்பான், தாய்க்குப் பயணச் செலவு இருக்காது, அல்லது எந்தக் கவுண்டரில் என்ன கேட்பது என்று தெரியாது. நாள் தாண்டிவிட்டால் தாமதப் பதிவு, சாட்சிகள், கேள்விகள், அலைச்சல். பயந்து விட்டுவிடுகிறார்கள். இன்னொன்றும் உண்டு, அதில் நம் பழக்கத்தின் குற்றமும் இருக்கிறது. ஊர் கூடித் தாலி கட்டிவிட்டோம், அது போதும் என்று திருமணத்தைப் பதியாமல் விட்டுவிடுகிறோம். 1982 மார்ச் முதல் முஸ்லிம் அல்லாதோரின் திருமணத்தைப் பதிந்தாக வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளையைச் சட்டம் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையாகப் பார்க்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான். தாய் இந்தோனேசியாவிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ வந்தவளாக இருந்தால், தகப்பன் இந்தத் தீவிலேயே பிறந்த மலேசியனாக இருந்தாலும் பிள்ளை இங்கே அந்நியன். பள்ளியில் சேர்க்கப் போனால் பத்திரம் எங்கே என்கிறார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் வெளிநாட்டவர் கட்டணம் கேட்கிறார்கள். பதினெட்டு வயதில் வேலைக்குப் போனால் போலீஸைக் கண்டு ஓட வேண்டியிருக்கிறது. பிறந்த மண்ணில் வாழ்ந்துகொண்டே வெளிநாட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடும் பிள்ளைகள் இவர்கள்தாம். என்னைப் பார்த்துப் பாவம் என்று சொல்லாதீர்கள். என்னிடம் கடப்பிதழ் இருக்கிறது, எனக்கு ஒரு நாடு இருக்கிறது.

அந்தக் காலத்துத் தோட்டத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது. பால்மர வெட்டுக்குப் போகும் தாய்மார் இருட்டோடு பிள்ளையைக் கொண்டுவந்து ஆயாவிடம் விட்டுப் போவார்கள். யார் வீட்டுப் பிள்ளை பால் குடித்தது, யார் வீட்டுப் பிள்ளைக்கு மேல் சுடுகிறது என்று ஆயாவுக்குத் தெரியும், லயத்துக்கே தெரியும். இன்று பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயத்துச் சனம் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குச் சிதறிவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்றுகூட நமக்குத் தெரிவதில்லை. மறைப்பணி என்பது இப்போது நமக்கு அந்தத் தெரிதல்தான். அதற்குக் கப்பல் ஏறத் தேவையில்லை.

நம் இனத்தோடு இது நின்றுவிடவும் கூடாது. இந்தச் செம்பனைத் தோட்டங்களில் இன்று குலை வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வந்தவர்கள். நம் பாட்டன் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கிறார்கள். நமக்கு முன்பே இந்தத் தீவில் வாழ்ந்த மா மேரி மக்கள் சுங்கை பும்புன் கிராமத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய மரச்சிற்பத்தை வாங்க உலகமெங்கிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் பிள்ளைகளின் பெயர் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? உதவி செய்யும்போது யாரையும் மதம் மாற்றப் பார்க்க வேண்டாம், மதம் என்ன என்று கேட்கவும் வேண்டாம். பசித்தவனுக்குச் சோறு, படிக்கிற பிள்ளைக்குப் புத்தகம், பயந்தவனுக்குத் துணை. அந்த அளவில் நின்றால் போதும்.

பிரியமானவர்களே, வருகிற 28ஆம் நாள் மாசில்லாக் குழந்தைகள் விழா. பெத்லகேமில் ஏரோதின் வாளுக்கு இரையான பிள்ளைகளை அன்று நினைவுகூர்கிறோம். இயேசு தப்பினார், அந்தப் பிள்ளைகள் தப்பவில்லை. திருச்சபை இந்த விழாவைக் கிறிஸ்து பிறப்புக்கு மூன்றே நாள் தள்ளி வைத்திருப்பதை நான் எப்போதும் ஒரு கட்டளையாகவே எடுத்துக்கொள்கிறேன். குடிலைக் கழற்றுவதற்கு முன்பே, காக்கப்படாத பிள்ளைகளை நினைக்கச் சொல்கிறது.

ஆகவே உங்களிடம் சில காரியங்களைக் கேட்கிறேன். திருமணத்தைப் பதியாத தம்பதிகள் யாரேனும் இங்கே இருந்தால், வெட்கப்பட வேண்டாம், என்னிடம் வாருங்கள். யாரும் உங்களைக் குறை சொல்லமாட்டார்கள். உங்கள் வரிசையிலோ, உங்கள் அடுக்குமாடியிலோ, பத்திரம் இல்லாத பிள்ளை இருந்தால், அந்தத் தாயிடம் பேசி, திருப்பலி முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். எந்த மதமானாலும் சொல்லுங்கள். மலாயில் பிழையில்லாமல் கடிதம் எழுதத் தெரிந்த இளைஞர்கள் வேண்டும். கார் வைத்திருப்பவர்கள் வேண்டும். ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று கவுண்டரில் அந்தத் தாயோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள் வேண்டும், அதுவும் ஒருமுறை போய் வந்து விடுபவர்கள் அல்லர். இந்த வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். விடுமுறை முடிந்து பதிவிலாகா திறக்கும் முதல் நாள் காலையில் நான் போகிறேன். என்னோடு வரக்கூடியவர்கள் இன்றிரவே, திருப்பலிக்குப் பிறகு பலகாரத்துக்கு உட்காருவதற்கு முன்னால் பெயர் கொடுங்கள்.